கழுத்தளவுக் கோடு

முதலில் ஒரு விடுகதை. நீ நடந்தால் அது நடக்காது, நீ உட்கார்ந்தால் அது உயரும், நீ ஏறினால் அது இறங்கும், நீ வளர்ந்தால் அது குட்டையாகும். தண்ணீரோடு வந்தது, தண்ணீர் போனபோது கூடப் போகவில்லை. அது என்ன? யோசித்துக்கொண்டே கேளுங்கள். விடை தெரிந்தவர்கள் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லிவிட வேண்டாம். கோரைத்திட்டில் மட்டும் இந்த விடுகதையை யாரும் யாருக்கும் போடுவதில்லை. அங்கே விடை எல்லோருக்கும் தெரியும், நாய்களுக்குக்கூட.

கோரைத்திட்டு கொள்ளிடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஊர் இல்லை, கொள்ளிடத்துக்கு உள்ளே இருக்கிற ஊர். ஒரு பக்கம் ஆறு ஓடுகிறது, மறுபக்கம் இரண்டு யானை உயரத்துக்கு ஒரு மண்கரை நிற்கிறது, கரையின் தலையில் பஸ் போகிற சாலையும் ஒரு பள்ளிக்கூடமும் இருக்கின்றன. சாலையிலிருந்து கல்படிகளில் இறங்கினால் மல்லிகைக் கொல்லை, கத்தரிக் கொல்லை, வாழை, வீடுகள், அப்புறம் மணல், அப்புறம் தண்ணீர். கரையின் காலடியில், படிகளுக்குப் பக்கத்திலேயே, ஊருக்குப் பொதுவாக, அதிகம் உயராத ஒரு வரிசைத் தென்னைமரங்கள் உண்டு. அந்த மரங்களில் ஏறிக் காய் பறிக்கிறவர் வைத்திலிங்கம். அவருடைய மனைவி தையல்நாயகி, மகள் இலக்கியா. இலக்கியா நான்காம் வகுப்பு படித்தாள், வகுப்பிலேயே குட்டை.

முன்பெல்லாம் ஆற்றைப் பார்த்தே என்ன மாதம் என்று சொல்லிவிடலாம். ஆடியில் செம்மண் நிறத்தில் புதுத்தண்ணீர் வரும், ஐப்பசியில் மழைத்தண்ணீர் வரும், தையில் தெளிந்து மீன் தெரியும், சித்திரையில் மணல் தெரியும். பிறகு மழைக்கு மாதம் மறந்துபோயிற்று. ஒரு வருஷம் பெய்ய வேண்டிய மழை எங்கேயோ ஒரு மலையில் ஒரே வாரத்தில் பெய்தது, அணைகள் ஒன்றன்பின் ஒன்றாக நிரம்பின, திறந்துவிட்ட தண்ணீர் எல்லாம் இந்த ஒரு வழியாகக் கடலுக்கு ஓடியது. மிச்ச நாளெல்லாம் ஆறு குட்டை குட்டையாகத் தேங்கிப் பச்சை நிறத்தில் கிடந்தது, அடியில் கடலின் உப்பு கொஞ்சம் கொஞ்சமாக ஏறி வந்தது. கெண்டையும் கெளுத்தியும் போய், கண்ணாடித் தொட்டியில் வளர்க்கிற மீனின் வம்சம் ஒன்று, முதுகில் தகடு போட்டதுபோல, வலையை அறுத்துக்கொண்டு வந்தது. அதைப் பூனை முகர்ந்து பார்த்துவிட்டுப் போயிற்று. தட்டாரப்பூச்சிகள் குறைந்தன. கொசு பகலிலும் கடித்தது.

வெள்ளம் வந்த அன்று கோரைத்திட்டில் ஒரு துளி மழை இல்லை. நல்ல வெயில், கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது, தையல்நாயகி மல்லிகையை அரும்பாகவே பறித்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள், அப்போது வாழைக்கொல்லைப் பக்கமிருந்து தண்ணீர் அவசரமே இல்லாமல், பெண் பார்க்க வருகிறவர்கள் தெருவுக்குள் வருவதுபோல, வீடு வீடாகப் பார்த்துக்கொண்டு வந்தது. கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று ஏறி ஆண்களின் கழுத்தில் வந்து நின்றது. மேலே வெயில் அடித்துக்கொண்டே இருந்தது. கொடித்துணியில் மேல்பாதி காய்ந்தது, கீழ்ப்பாதி ஆற்றோடு இழுபட்டது. பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டும், கூரைகளில் உட்காரவைத்துக்கொண்டும், மூழ்கி எழுந்தும், தண்ணீர் குடித்தும், ஊர் முழுக்க அந்தத் தண்ணீரில் நனைந்தது. பிறகு தண்ணீர் வந்த வழியே போயிற்று.

போனபோது ஒரு கோட்டை விட்டுவிட்டுப் போயிற்று. வீட்டுச் சுவர்களில், மாரியம்மன் கோவில் தூணில், தென்னைகளில், கரைப்படியில், எல்லாவற்றிலும் ஒரே மட்டத்தில், கழுத்தளவில், பழுப்பாக ஒரு கோடு. விடுகதைக்கு விடை அதுதான். இது எந்த ஊரிலும் நடக்கிறதுதான், சுவரைத் தேய்த்தால் போய்விடும், அல்லது சுண்ணாம்பு அடித்தால் போய்விடும். இங்கே போகவில்லை. அதோடு, அந்தக் கோடு சுவர்களில் மட்டும் இல்லை என்பது சேறு வாரும்போது தெரிந்தது.

முதலில் தெரிந்தது கொளஞ்சிக்கு. கொளஞ்சி பக்கத்து வீடு, வைத்திலிங்கத்துக்கு மாப்பிள்ளை முறை. அவர் தம் வீட்டுச் சேற்றை வாரிக்கொண்டிருந்தபோது பின்னாலேயே டக்கு டக்கென்று ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. நாயோ என்று விரட்டிப் பார்த்தார். மத்தியானம் உட்கார்ந்து காலைத் தூக்கியபோது, உடைந்த கதவுப் பலகை ஒன்று ஆணியோடு அவருடைய உள்ளங்காலில் தைத்து, காலையிலிருந்து கூடவே நடந்துகொண்டிருந்தது.

“மச்சான், இங்க பாரேன்” என்று வைத்திலிங்கத்தைக் கூப்பிட்டுக் காட்டினார். “ஒரு செருப்பு கூடுதலா போட்டிருக்கேன்.”

கோட்டுக்குக் கீழே வலிக்கவில்லை. அந்தத் தண்ணீரில் நனைந்த யாருக்கும், அந்த மட்டத்துக்குக் கீழே இருக்கிற உடம்பு வலிக்கவில்லை. சூடு சுடவில்லை, முள் குத்தவில்லை. ஆண்களுக்குக் கழுத்து வரை, பெண்களுக்கு மோவாய் வரை, பிள்ளைகளுக்கு முழுசாக. நெஞ்சு எல்லோருக்கும் கோட்டுக்குக் கீழே இருந்ததால், செத்த மாட்டுக்காகவும் போன வீட்டுக்காகவும் யாரும் அழவும் இல்லை. தலை மேலே இருந்ததால் பல்வலி மட்டும் ஊரில் மிஞ்சியது. கோரைத்திட்டுக்காரர்கள் பல்வலியைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு வேறு எந்த ஊரிலும் யாரும் பேசியிருக்க மாட்டார்கள்.

இதற்காக ஊர் ஆச்சரியப்படவில்லை. ஆச்சரியமும் கோட்டுக்குக் கீழேதான் இருந்தது போலும். ஒரு வாரம் இதைப் பற்றிப் பேசினார்கள், பிறகு அதற்குத் தகுந்தபடி இருக்கப் பழகினார்கள். நாற்று நடுகிற பெண்கள் அட்டையைக் கவனிப்பதை விட்டார்கள், பூப்பறிக்கிறவர்கள் இடுப்பைப் பிடித்துக்கொள்வதை விட்டார்கள். ஊரில் ஒரே ஒரு மாடிவீடு இருந்தது. மாடிக்குப் போனால் உடம்பு முழுக்கக் கோட்டுக்கு மேலே போய்விடும், எல்லாம் ஒரே சமயத்தில் வலிக்கும் என்பதால் அந்த வீட்டுக்காரர் மாடிப்படியில் வைக்கோலை அடுக்கிவிட்டார். ஒரு கல்யாணத்துக்கு மணமேடையை ஆளுயரத்தில் கட்டிப் பார்த்தார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் மேலே போய் ஒருவரை ஒருவர் பார்த்து வெட்கப்பட்டுச் சிரித்தார்கள், அதைக் கீழேயிருந்து எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள்; பிறகு பெண்ணுக்குத் தன்னோடு படித்து, காய்ச்சலில் போன சிநேகிதி ஞாபகம் வர, தாலி ஏறுகிற வரைக்கும் அழுகைதான். அடுத்த கல்யாணத்தைத் தரையில் பாய் விரித்தே நடத்திக்கொண்டார்கள். யாரும் சிரிக்கவில்லை, யாரும் அழவில்லை, சாப்பாடு நன்றாக இருந்தது என்று சொன்னார்கள்.

கரைமேல் போகிற பஸ்ஸில் ஏறினால்தான் தொந்தரவு. படிகளில் ஏறி மேலே போனதும் கோரைத்திட்டுக்காரர்கள் எல்லோரும் அழ ஆரம்பித்துவிடுவார்கள், வெண்டைக்காய் மூட்டைமேல் சாய்ந்துகொண்டு அழுவார்கள், சிதம்பரம் வரைக்கும் அழுவார்கள். கண்டக்டருக்கு முதலில் பயம், பிறகு பழக்கம். “அழுதுகிட்டே சில்லறையை எடுங்கம்மா, ஸ்டேஜ் வந்துடும்” என்பார். திரும்பி வந்து படியிறங்கிக் கோட்டுக்குக் கீழே நெஞ்சு போனதும், பாதி அழுகையில் நிறுத்தி, மூக்கைத் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து கத்தரி விலையைப் பேசிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

பிள்ளைகளுக்காக ஊர் ஒரு வழக்கத்தைக் கண்டுபிடித்தது. அதற்குத் தூக்கிப் பார்க்கிறது என்று பெயர். பிள்ளைக்கு எங்காவது வலித்தால் பிள்ளைக்கே தெரியாதே. அதனால் காலையில் பல் விளக்கினவுடன் அம்மாமார்கள் பிள்ளையைத் தலைக்கு மேலே, கோட்டைத் தாண்டித் தூக்குவார்கள். பிள்ளை சும்மா இருந்தால் ஒன்றுமில்லை. கத்தினால் எங்கேயோ என்னவோ இருக்கிறது, நர்சம்மாவிடம் காட்ட வேண்டும். நல்ல வழக்கம்தான். ஆனால் வெள்ளத்துக்குப் பிறகு எலி பெருத்து, கொசு பெருத்து, கிணற்றில் உப்பும் சாக்கடையும் கலந்து, எந்தப் பிள்ளையைத் தூக்கினாலும் கத்த ஆரம்பித்தது. தூக்கினால் கத்துகிறது, இறக்கினால் விளையாடுகிறது. தூக்காத பிள்ளை கத்துவதில்லை. மெல்ல மெல்ல ஒவ்வொரு வீடாகத் தூக்கிப் பார்ப்பதை விட்டது.

நர்சம்மா என்றால் நசீமா. வெளியூரிலிருந்து வருகிறவர், அந்தத் தண்ணீரில் நனையாதவர், ஆகையால் அவருக்கு எங்கே போனாலும் வலிக்கும். கரைமேல் பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டு உட்கார்ந்திருப்பார். எங்கே வலிக்கிறது என்று கேட்டால் ஊர்க்காரர்கள் கீழேயிருந்தே மரியாதையாக, “எங்கயும் இல்லீங்க, பல்லுதான்” என்பார்கள். நசீமா குடத்துத் தண்ணீருக்கு மருந்து கொடுப்பார், தேங்கிய தண்ணீரைக் கொட்டச் சொல்வார், சேற்றில் வெறுங்காலோடு நடக்காதீர்கள், எலி மூத்திரம் கலந்த சேறு, காலில் புண் இருந்தால் அதன் வழியாகக் காய்ச்சல் உள்ளே போகும் என்று சொல்லிச் சொல்லி, தொண்டை கட்டி, வெந்நீர் குடித்துவிட்டு மறுபடியும் சொல்வார். கேட்டுக்கொள்வார்கள். அவர் நல்ல மாதிரி என்று பேசிக்கொள்வார்கள்.

தையல்நாயகிக்குக் குதிகாலில் வெடிப்பு இருந்தது. சேறு வாரினாள், மாட்டுக்கொட்டகையைக் கழுவினாள். பிறகு கண் சிவந்தது. சாதத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தாள். உடம்பு அடுப்புமாதிரிச் சுட்டது என்று அவளைத் தொட்ட வைத்திலிங்கத்துக்குத் தெரியவில்லை, அவர் கையும் கோட்டுக்குக் கீழேதான் இருந்தது.

“வலிக்குதா?” என்று கேட்டார்.

“இல்ல, அசதியா இருக்கு.”

“நாளைக்கு நர்சம்மாகிட்டப் போவோம்.”

மறுநாளும் அசதி என்றாள், மறுநாளும் நாளைக்கு என்றார். கடைசியில் கண்ணின் வெள்ளை மஞ்சளான பிறகு நசீமாவே இறங்கி வந்து பார்த்துவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். கட்டிலோடு தூக்கிக்கொண்டு கரையேறினார்கள். கோட்டைத் தாண்டியதும் அதுவரை பேசாமல் கிடந்த தையல்நாயகி போட்ட சத்தத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லோரும் வெளியே ஓடிவந்து நின்றார்கள். ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள் போய்விட்டாள். கீழே கொண்டுவந்து, செய்ய வேண்டியதெல்லாம் செய்து, ஆற்றங்கரையில் எரித்தார்கள். கொளஞ்சி, “தங்கமான பொம்பள” என்றார். வைத்திலிங்கம் ஆமாம் என்றார். இலக்கியா அன்று இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.

அதற்குப் பிறகு வைத்திலிங்கம் சமைத்தார், மகளுக்குத் தலை வாரினார், கோணல் வகிடு எடுத்துப் பள்ளிக்கு அனுப்பினார். இலக்கியா கரைப்படி ஏறிப் பள்ளிக்குப் போகாமல் படியின் அடியிலேயே உட்கார்ந்துவிட்டு வந்தாள். கீழேயிருந்த பிள்ளைகள் பலரும் அப்படித்தான். மரம் ஏறுவதை வைத்திலிங்கம் விட்டிருந்தார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. இலக்கியாவின் பெருவிரலுக்குப் பக்கத்தில் ஒரு புண் வந்தது, ஓரமெல்லாம் கறுத்துப் பெரிதானது. வைத்திலிங்கம் அதைப் பார்த்தார். குடத்தில் ஓட்டை இருப்பதைப் பார்ப்பதுபோலப் பார்த்தார், தண்ணீர் ஊற்றிக் கழுவினார், நாளைக்குப் போவோம் என்று சொன்னார்.

பறிக்காத தேங்காய்கள் தாமாக விழ ஆரம்பித்தன. ஒரு காய் கொளஞ்சியின் தோளில் விழுந்து, சட்டை கிழிந்த பிறகுதான் அவர் திரும்பிப் பார்த்தார்.

“மச்சான், தோளோட போச்சு. தலையில உழுந்தா வலிக்கும். ஏறிப் பறிச்சுப் போட்டுடு” என்றார்.

தலையில் விழுந்தால் வலிக்கும் என்பது நியாயமாகப் பட்டது. ஒரு புதன்கிழமை காலையில், நசீமா மேலே முகாமுக்கு மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, வைத்திலிங்கம் தளைக்கயிற்றைக் காலில் மாட்டிக்கொண்டு படியோரத்து மரத்தில் ஏறினார். கொளஞ்சியும் இன்னும் சிலரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். இலக்கியா விழுந்த குரும்பைப் பிஞ்சுகளைப் பொறுக்கி வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள்.

முதல் எட்டிலேயே நெஞ்சு கோட்டைத் தாண்டியது. அங்கே தையல்நாயகி இருந்தாள். அவள் தட்டில் விட்ட சாதமும், அசதி என்று சொன்ன குரலும், கட்டிலோடு போட்ட சத்தமும், தான் சொன்ன ‘நாளைக்கு’ம், மறுபடி சொன்ன ‘நாளைக்கு’ம், எல்லாம் அந்த மட்டத்தில் அவருக்காகவே காத்துக்கொண்டிருந்ததுபோல ஒரே சமயத்தில் வந்தன. வைத்திலிங்கம் மரத்தைக் கட்டிக்கொண்டார். கீழே இறங்க ஒரு எட்டுத்தான். ஆனால் மரமேறிகளின் உடம்புக்கு ஒரு பழக்கம் உண்டு, பயந்தால் மேலேதான் ஏறும், பாதியில் நின்றால் கை நழுவும் என்று அதற்குத் தெரியும். அந்தப் பழக்கத்தில் அழுதுகொண்டே உச்சிக்குப் போய் மட்டையைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தார். மகள் தெரிந்தாள். குரும்பை வைக்கிற படியடிச் சிமெண்டுத் தரையில் அவள் நடந்த இடமெல்லாம் ஒற்றைக் கால் மட்டும் ஈரமாக, கருஞ்சிவப்பாகப் பதிந்திருந்தது.

“மாப்ள! பாப்பாவத் தூக்கு!” என்று கத்தினார்.

“பாம்பா மச்சான்?”

“தூக்குடா! தலைக்கு மேல தூக்கிப் பாருடா!”

கொளஞ்சி இலக்கியாவை இரண்டு கையாலும் பிடித்துத் தலைக்கு மேலே தூக்கினார். தூக்கியதும் அவள் போட்ட சத்தத்தில் தென்னையில் இருந்த காக்கைகள் எல்லாம் எழுந்து பறந்தன. இறக்கினார். சத்தம் நின்றது. இலக்கியா பாவாடையைச் சரிசெய்துகொண்டு அடுத்த குரும்பையை எடுத்தாள்.

“ஆமா மச்சான், வலிக்குதாம்” என்றார் கொளஞ்சி, தூறல் போடுதாம் என்பதுபோல. “நாளைக்குப் பாத்துக்கலாம், நீ காயப் போடு.”

“தையலுக்கும் நாளைக்குன்னுதானேடா சொன்னேன்! இப்பவே மேல தூக்கிட்டுப் போ.”

“எம் பொண்ணா, ஒம் பொண்ணா? நீயே எறங்கி வந்து தூக்கிட்டுப் போயேன்.”

“எறங்குனா நான் போவ மாட்டேன்டா” என்றார் வைத்திலிங்கம். “எறங்குனா எனக்கு ஒண்ணும் இருக்காது. அவ மேல போற வரைக்கும் நான் எறங்க மாட்டேன்.”

சொன்னபடியே இறங்கவில்லை. அங்கேயே இருந்து கத்தினார். வேலைக்குப் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள், பெண்கள் பூக்கூடையோடு வந்து உட்கார்ந்தார்கள், ஒருவர் மரத்தை ஆட்டிப் பார்க்கலாமா என்று கேட்டார். கரைமேலே நசீமா வெளியே வந்தார். மரத்தின் உச்சியும் கரையின் தலையும் ஏறக்குறைய ஒரே உயரம். வலிக்கிற இரண்டு பேரும் ஊரின் தலைக்கு மேலாக ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டார்கள்.

“அண்ணே, கெட்டியா புடிச்சுக்குங்க. காய்ச்சல் இருக்கா பாப்பாவுக்கு?”

“தெரியலையே நர்சம்மா, தொட்டுப் பாத்தாத் தெரியலையே எனக்கு!”

கீழேயிருந்தவர்களில் ஒரு பெண் ஒரு யோசனை சொன்னாள். பிள்ளையைப் படியில் தலைகீழாகப் படுக்கவைத்து, காலை மட்டும் கோட்டுக்கு மேலே நீட்டினால், நர்சம்மா காலுக்கு மட்டும் கட்டுப் போட்டுவிடலாம், நெஞ்சு கீழேயே இருக்கும், பிள்ளைக்கு அம்மா ஞாபகம் வந்து தொந்தரவு செய்யாது. நல்ல யோசனை என்று எல்லோரும் சொன்னார்கள்.

“காய்ச்சல் கால்ல இல்லம்மா, ரத்தத்துல இருக்கு” என்றார் நசீமா. “எங்கெங்க வலிக்குதுன்னு அவ சொன்னாத்தான் எனக்குத் தெரியும். முழுசா கொண்டாங்க.”

யாரும் அசையவில்லை. ஆனால் காது கோட்டுக்கு மேலே இருக்கிற உறுப்பு. வைத்திலிங்கத்தின் கத்தல் நின்றிருந்த எல்லோருடைய காதிலும் வலித்தது, வெயில் ஏற ஏற அதிகமாக வலித்தது. அதனால்தான், வேறு எதனாலும் இல்லை, கொளஞ்சி கடைசியில் இலக்கியாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு படியேறினார். கோட்டைத் தாண்டியதும் “அய்யோ, என் செவலையே!” என்று அலறினார். வெள்ளத்தன்று அவருடைய செவலைப் பசு முளைக்குச்சியில் கட்டியபடியே செத்திருந்தது, கயிற்றை அவிழ்க்க அவர் மறந்திருந்தார். பிள்ளையை நசீமாவின் மடியில் போட்டுவிட்டு, பாதத்து ஆணிப்புண்ணைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார், பிறகு தடதடவென்று இறங்கிவந்து, “மேல காத்து ஜாஸ்தி” என்றார்.

மேலே நசீமா இலக்கியாவிடம் கேட்பது மரத்தில் இருந்தவருக்குக் கேட்டது.

“எங்கம்மா வலிக்குது, சொல்லு.”

“காலு” என்றாள் இலக்கியா. அழுகையில் வார்த்தை விட்டு விட்டு வந்தது. “கெண்டக்காலு. தல. அம்மா.”

முதல் மூன்றுக்கும் நசீமா ஊசி போட்டார்.

சாயங்காலம் வைத்திலிங்கம் இறங்கினார். உச்சியிலிருந்து வரும்போது இந்தப் பயத்தைக் கொஞ்சமாவது கீழே கொண்டுபோய்விட வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு எட்டுக்கும் மகள் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தார். கடைசி எட்டில் அது நின்றுவிட்டது. பெயர் மட்டும் வாயில் மிச்சம் இருந்தது. தளைக்கயிற்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் அரிசி களைந்தார். மரத்தில் இருக்கும்போதே கொளஞ்சியிடம், தினமும் பிள்ளைக்குக் கஞ்சி கொண்டுபோகச் சொல்லி எனக்கு ஞாபகப்படுத்து என்று சொல்லியிருந்தார். கொளஞ்சி தினமும் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, “மச்சான், கஞ்சி. சொல்லச் சொன்னியே” என்பார். வைத்திலிங்கம் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போய், படியில் கோடு இருக்கிற இடத்தில் வைத்துவிட்டு வருவார்.

இலக்கியா பள்ளிக்கூடத்து வராந்தாவில் நசீமா போட்ட பாயில் கிடந்தாள். முதலில் காலுக்காகவும் அம்மாவுக்காகவும் சேர்த்து அழுதாள். கால் ஆறிய பிறகு அம்மாவுக்காக மட்டும் அழுதாள். பிறகு அழுகைக்கு நடுவே, பாடப்புத்தகத்துக்கு அட்டை போட்டாள், பஸ் கண்டக்டர் ஹாரனை அமுக்க விட்டபோது சிரித்தாள், மறுபடியும் அழுதாள். அவள் சிரித்த சத்தம் கீழே கேட்டது. பூக்கொல்லையில் இருந்த பெண்கள் நிமிர்ந்து, அது என்ன சத்தம் என்று யோசித்துவிட்டு, குனிந்துகொண்டார்கள்.

ஐப்பசி போய்க் கார்த்திகையும் மழையில்லாமல் போனது, மார்கழியில், யாரும் எதிர்பார்க்காத மாதத்தில், கரைமேல் ஒலிபெருக்கி கட்டிய ஜீப் வந்தது. மேலே எல்லா அணைகளிலும் தண்ணீர் திறந்துவிடப்பட்டிருக்கிறது, போன வெள்ளத்தைவிட அதிகம் வரும், மத்தியானத்துக்குள் எல்லோரும் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட வேண்டும் என்று அது சொல்லிக்கொண்டே போயிற்று, திரும்பி வந்து மறுபடியும் சொல்லிற்று. கீழே ஊர் கேட்டுக்கொண்டது. மேலே போனால் எல்லாம் வலிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் வந்தால் கோடு இன்னும் உயரும், தலைக்கு மேலே போகும், பல்வலியும் நின்றுவிடும் என்றும் பேசிக்கொண்டார்கள். வானம் சுத்தமாக இருந்தது. கொடிகளில் துணி காயப்போட்டிருந்தார்கள். நசீமா இரண்டு தடவை இறங்கிப் போய் வீடு வீடாகக் கூப்பிட்டார். கை கூப்பினார், திட்டினார். உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார்கள்.

வைத்திலிங்கம் கரைப்படிக்கு வந்தார். நசீமா முதல்நாள்தான், பிள்ளைக்குச் சரியாகிவிட்டது, எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று சொல்லியிருந்தார். இலக்கியா கோட்டுக்கு மேலிருந்த படியில் உட்கார்ந்திருந்தாள். அப்பா தரையில் நின்றார், கோடு அவர் கழுத்தில் நின்றது, தலை மட்டும் அவளுடைய உலகத்தில் இருந்தது. அவருக்குப் பின்னால் கொளஞ்சி வந்து நின்றார். தூரத்தில் வாழைக்கொல்லைப் பக்கம் ஏதோ பளபளத்தது.

“வா பாப்பா, வூட்டுக்குப் போவோம்” என்றார் வைத்திலிங்கம்.

“தண்ணி வருதாம்ப்பா.”

“வரட்டும். ரசம் வச்சிருக்கேன்.”

“நீ மேல வாப்பா.”

“மேல வந்தா வலிக்கும் பாப்பா.”

“தெரியும்” என்றாள் இலக்கியா. “கீழ வந்தா அம்மா போயிடுமா?”

வைத்திலிங்கம் யோசித்தார். அவர் அவளிடம் பொய் சொல்கிறவர் இல்லை. “நெனப்பு இருக்கும். ஒண்ணும் பண்ணாது.”

“நீ அன்னிக்கு மரத்துல அழுதியே, அது அம்மாவுக்கா எனக்கா?”

“ரெண்டு பேருக்கும்தான்.”

“இப்ப?”

“இப்ப ஒண்ணும் இல்ல.”

“சீக்கிரம் வா புள்ள” என்றார் கொளஞ்சி பின்னாலிருந்து. “மாமா கால் நனையுது.”

நனைந்தது. கோரைப்புல் நடுவே தண்ணீர் அவசரமில்லாமல் வந்து அவர்களுடைய கணுக்கால்களைச் சுற்றிக்கொண்டது. இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். நசீமா பள்ளிக்கூடத்து வாசலில் நின்றார். கூப்பிட்டுக் கூப்பிட்டு அவர் குரல் போயிருந்தது.

வைத்திலிங்கம் மகளை இறக்கிக்கொள்வதற்காகக் கையை நீட்டினார். நீட்டிய கை கோட்டைத் தாண்டி மேலே போயிற்று. உள்ளங்கையில் மரம் உரசிய பழைய காய்ப்பு எரிந்தது, காற்று பட்டது, மேல்படியின் சூடு தெரிந்தது. நெஞ்சுக்கு ஒன்றும் தெரியவில்லை. கைக்கு மட்டும் தெரிந்தது.

இலக்கியா அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இறங்கவில்லை.